நீ படுத்த நேரத்தை எனக்கு எழுது

முதலியார்பேட்டை, புதுச்சேரி
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். இன்று ஆடிப்பெருக்கு. அம்மா விடியற்காலையிலேயே எழுந்து தேங்காய் சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் கிளறி, அக்கா வீட்டுக்கு ஒரு தூக்கில் கொடுத்தனுப்பிவிட்டு இப்போதுதான் படுத்திருக்கிறாள். அவள் தூங்கும் நேரமாகப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அவளிடமும் நான் இதுவரை சொல்லாத விஷயம் ஒன்று இந்தக் கடிதத்தில் வருகிறது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நேரம் கிடைக்கும்போது படி.

போன வாரம் பார்சிலோனாவில் உன் சொகுசுக் கப்பலில் பயணிகள் மாறும் நாளன்று நீ அனுப்பிய குரல் செய்தியைப் பற்றித்தான். அங்கே ராத்திரி 11 மணி, இங்கே விடியற்காலை 2:30. காலையில் எழுந்ததும் கேட்டேன். விடியற்காலை 5:30-க்கு ஆரம்பித்த வேலை ராத்திரி 10:30-க்கு முடிந்தது என்றாய். காலையில் பழைய பயணிகள் இறங்கி, மத்தியானம் புதியவர்கள் ஏறுவதற்குள் உன் பங்குக்கு வந்த 18 அறையிலும் மெத்தை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் மாற்றி, குளியலறையைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். அப்புறம் பெட்டிகளைக் கதவு கதவாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது முடிந்ததும் புதியவர்களுக்கான ஆபத்துக்கால டிரில். இதெல்லாம் நீ முன்பே சொன்னதுதான். ஆனால் கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். சாயங்காலமே கார்டைத் தேய்த்து வேலை முடிந்ததாகக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே போவோம், இல்லாவிட்டால் ஓய்வு நேரக் கணக்கில் சிவப்பு விழும், சூப்பர்வைசர் திட்டுவார், மாதக் கடைசியில் அந்தக் கணக்குக்குக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று.

அந்த இடத்தை நான்கு தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன்.

போன மாதம் நம் ஊருக்கே ஒரு சொகுசுக் கப்பல் வந்தது, விசாகப்பட்டினத்திலிருந்து. அது கடலிலேயே நின்றது. ஜனங்களைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் மேல்தளத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வெள்ளைச் சுவர் தண்ணீரில் போய் முடியும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் கீழேதான் வேலையாட்களின் அறைகள் இருக்கும் என்று உப்பளத்துப் பையன் சொல்லியிருந்தான். உனக்கும் அவனைத் தெரியும், ஏழு காண்ட்ராக்ட் முடித்துவிட்டு இப்போது வில்லியனூரில் டிபன் கடை வைத்திருக்கிறானே, அவன்தான். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டில், ஒரு திரை, ஜன்னல் கிடையாது, விளக்கை அணைத்தால் மத்தியானமா நடுராத்திரியா என்று தெரியாது என்றான். கீழே கப்பலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நீள வழி போகுமாம். டிராலி, துணி மூட்டை, குப்பை எல்லாம் அதில்தான். அமெரிக்காவின் ஒரு நெடுஞ்சாலைப் பேரை வைத்து அதை ஐ-95 என்பீர்களாம். துறைமுகத்தில் நின்றாலும் ஒரு பகுதி ஆட்கள் முறைபோட்டு உள்ளேயே இருக்க வேண்டும், இறங்கினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்றும் சொன்னான். ரோமுக்கான துறைமுகம் சிவிடவெக்கியா. அங்கே உன் கப்பல் எத்தனை தடவை நின்றிருக்கும்! நீ ரோமைப் பார்த்ததில்லை. துறைமுக வாசலில் வைஃபை கிடைக்கும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து எங்களோடு பேசிவிட்டு ஓடியிருக்கிறாய்.

நீ இரண்டு வருஷமாக எங்களுக்கு அனுப்பிய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். நீச்சல் குளம் இருக்கிறது, துண்டை மடித்துச் செய்த யானை இருக்கிறது, அம்மாவுக்குப் பிடித்த அந்தப் பெரிய விளக்குக் கொத்து இருக்கிறது. உன் கட்டில் ஒரு படத்திலும் இல்லை. எங்களுக்குக் கவலை வரக் கூடாது என்று மறைத்தாய், புரிகிறது.

உன் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை, தம்பி. அக்காவின் சீமந்தம் உன் பணத்தில்தான் நடந்தது. மேல்மாடி ஓட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டோம். நாற்பது ஐம்பது நாட்டு ஆட்களோடு சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து வேலை செய்யப் பழகியிருக்கிறாய். என் வயதில் எனக்கு அது வாய்க்கவில்லை. என் மனம் பதறுவது அந்தக் கையெழுத்தை நினைத்துத்தான்.

பீரோவில் நீ வைத்துவிட்டுப் போன காண்ட்ராக்ட் நகலை எடுத்துப் படித்தேன். மில் டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு எழுதிய அளவுக்கு எனக்கு ஆங்கிலம் தெரியும். அதில் 2006-ஆம் வருஷத்துக் கடல்சார் தொழிலாளர் உடன்பாடு என்று அடிக்கடி வருகிறது. தொழிற்சங்கத்துத் தோழர் ஒருவர் அதை அச்செடுத்துக் கொடுத்தார். 2013-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் 10 மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும். அதை இரண்டு துண்டுக்கு மேல் வெட்டக் கூடாது. அதில் ஒரு துண்டு 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வு. வாரத்தில் இருப்பது 168 மணி நேரம், 77 போனால் 91. ஏழால் வகுத்தால் நாளுக்கு 13. பென்சிலால் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. வாரம் ஏழு நாளும் 13 மணி நேரம் வேலை வாங்கினாலும் இந்த ஓய்வுக் கணக்கில் சிவப்பு விழாது. இவ்வளவு தாராளமாக இடம் விட்ட கணக்குக்குள்ளேயே அடங்காத வேலையை உன்னிடம் வாங்குகிறார்கள் என்றால், நீ எவ்வளவு நேரம் நின்றுகொண்டிருக்கிறாய் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அதே உடன்பாட்டில் இன்னொரு வரி இருக்கிறது. கப்பல் தொழிலாளிக்கும் மற்றவர்களைப் போலவே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்பதுதான் அடிப்படையாம். அந்த 8-ஐப் பார்த்ததும் எனக்கு உன் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

புதன்கிழமை ஜூலை 30. வழக்கம்போல் தியாகிகளுக்கு மாலை போடப் போயிருந்தேன். 1936-இல் அதே நாளில்தான் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்களைப் பிரெஞ்சு அரசு சுட்டது. 12 பேர் செத்தார்கள். தாத்தாவுக்கு அப்போது 14 வயது, மில்லில் நூல் சுற்றும் பாபின் எடுத்துக் கொடுக்கும் பையன். இருட்டில் போய் இருட்டில் திரும்புவோம், ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் தெருவை வெளிச்சத்தில் பார்ப்பேன் என்பார். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையாவும் தோழர்களும் விடாமல் போராடி, 1937 ஏப்ரலில் இங்கே 8 மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே முதலில் நம் ஊரில்தான் என்று சங்கத்தில் சொல்வார்கள். மில் சங்கு ஊதினால் தாத்தா செய்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வருவாராம், கையில் பாதி நூல் இருந்தாலும். ஒரு நிமிஷம் கூட நின்றால் அந்தப் பன்னிரண்டு பேருக்குத் துரோகம் என்று நினைத்தார்.

அவருடைய மகன்தான் நான். இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

டைம் ஆபீஸில் சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். யார் எந்த ஷிஃப்டில் வந்தார், எப்போது போனார் என்று மஸ்டர் எழுதுவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் ராத்திரி, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் ஆள் வரவில்லை. ரெண்டாம் ஷிஃப்ட் முடித்த ஒருவரை மேஸ்திரி அப்படியே நிறுத்திக்கொண்டார். டபுள் ஷிஃப்ட் என்று எழுதினால் ஓ.டி., அதாவது கூடுதல் நேரச் சம்பளம் கொடுக்க வேண்டும், மேலே கேள்வி வரும். அதனால் ராத்திரி ஷிஃப்டில் ஒரு பதிலி ஆளின் பேரைப் போட்டுவிடச் சொன்னார்கள். அப்படி எழுதுவது அங்கே புதிதில்லை. எல்லோரும் அப்படித்தான். நானும் எழுதினேன். விடியற்காலை 3 மணிக்கு மிஷினைத் துடைக்கும்போது அவர் வலது கை உள்ளே போய்விட்டது. மூன்று விரல் போனது.

நஷ்டஈடு விசாரணையில் மஸ்டரை எடுத்து வைத்தார்கள். உன் ஷிஃப்ட் நடுராத்திரியோடு முடிந்துவிட்டதே, 3 மணிக்கு மிஷின் பக்கத்தில் உனக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவர் நடந்ததைச் சொன்னார். தாள் வேறு சொன்னது. அந்தத் தாளில் இருந்தது என் எழுத்து. என்னை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை. அக்கா அப்போது கைக்குழந்தை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அவருக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரிச் செலவுக்கே காணவில்லை.

ரயில்வே கேட் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தாரே ஒரு மாமா, நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கமர்கட் வாங்குவாயே, அவர்தான். ஒரு தடவை நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "விரல் எங்க மாமா?" என்று கேட்டாய். "மிஷின் தின்னுடுச்சு கண்ணு" என்றார். என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு என் கையெழுத்து தெரியும். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. கடைசி வரை நான் அவரிடம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். கார்டைத் தேய்த்த பிறகு ஈரத் தரையில் நீ வழுக்கி விழுந்தால், துணி மூட்டையோடு படிக்கட்டில் உருண்டால், தாளின்படி அந்த நேரத்தில் நீ உன் கட்டிலில் படுத்திருக்கிறாய். கம்பெனி ஒரு நாட்டில் இருக்கிறது. கப்பலின் பின்பக்கம் நஸ்ஸாவு என்று எழுதியிருக்கிறது, அது பஹாமாஸ் நாட்டுத் தலைநகரம், கப்பலைப் பதிவு செய்த ஊர். நாங்கள் இங்கே முதலியார்பேட்டையில் இருக்கிறோம். எந்த வாசலில் போய் நிற்பது? எங்களுக்காகப் பேச அந்த ஒரு தாள்தான் இருக்கும், அதையும் நீயே பொய்யாக்கி வைத்திருப்பாய்.

சண்டை போடு என்று சொல்லவில்லை. அடுத்த காண்ட்ராக்டுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள் என்ற பயம் உனக்கு இருக்கும், அது நியாயமான பயம். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொள். உன் ஓய்வு நேரக் கணக்கில் கேப்டன் தரப்பும் நீயும் கையெழுத்துப் போட்ட ஒரு நகலை உனக்குத் தர வேண்டும் என்று அந்த உடன்பாட்டில் இருக்கிறது. கேட்டு வாங்கு, கேட்பதில் தப்பில்லை. கப்பலுக்குள்ளேயே புகார் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும், நேராகக் கேப்டனிடமே போகலாம், துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொள்ளலாம், அதற்காக உன்னைப் பழிவாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. தனியாகப் போகாதே. உங்கள் தளத்தில் இருக்கும் நாலைந்து பேரோடு பேசிவிட்டுப் போ. பிலிப்பைன்ஸ் பையன்கள் இந்த விவரமெல்லாம் நன்றாகத் தெரிந்தவர்கள் என்று உப்பளத்துப் பையன் சொன்னான்.

படிக்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. வேலை வாங்கித் தருவதற்காகக் கப்பல் தொழிலாளியிடம் ஏஜெண்ட் பணம் வாங்கவே கூடாதாம். மெடிக்கல் சர்டிபிகேட், பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற கப்பல் தொழிலாளியின் பதிவுப் புத்தகம் மாதிரி செலவுகள் மட்டும்தான் நம்முடையது. நாம் ஒன்றரை லட்சம் எண்ணிக் கொடுத்தோம், அம்மாவின் சங்கிலியை வைத்து. அந்தச் சங்கிலி அடுத்த மாதம் திரும்ப வருகிறது, இரண்டு தவணைதான் பாக்கி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆகவே கடனை நினைத்துக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போடாதே. ஒன்பது மாதம் முடிந்து வந்ததும் அடுத்தது போவதா வேண்டாமா என்று உட்கார்ந்து பேசலாம். போகவில்லை என்றாலும் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

எனக்காக ஒன்று செய். தினமும் படுக்கும் முன் எனக்கு இரண்டு எண் அனுப்பு. வேலையில் கால் வைத்த நேரம், படுக்கையில் காலை நீட்டிய நேரம். நடுவில் விட்ட நேரம் இருந்தால் அதையும். நீ நலமா சாப்பிட்டாயா என்றெல்லாம் எழுத வேண்டாம், களைப்பில் அதற்குத் தெம்பு இருக்காது. கப்பல் கடிகாரத்தை மாற்றினால் அன்றைக்கு மட்டும் மாற்றினார்கள் என்று ஒரு வார்த்தை போடு. கணக்கை நான் சரிசெய்துகொள்கிறேன். வெறும் எண்தானே, சிக்னல் கிடைக்கும்போது தானாக வந்து சேரும்.

நேற்று நேரு வீதியில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாயிற்று. தேதி, துறைமுகம், ஆரம்பம், முடிவு, ஓய்வு, மொத்தம். கண் சரியில்லாவிட்டாலும் என் எழுத்து இன்னும் கோணாமல்தான் வருகிறது. அந்த மாமாவின் விஷயத்தை இன்று சாயங்காலம் அம்மா எழுந்ததும் அவளிடம் சொல்லிவிடுவேன்.

அம்மா வடகம் போட்டுக் காயவைத்திருக்கிறாள், உனக்கென்று தனியாக ஒரு டப்பா. முதுகுவலிக்குத் தைலம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கச் சொன்னாள்.

நோட்டில் முதல் வரிக்கு இன்றைய தேதியைப் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா