காலரா கிருமி எந்நேரமும் நஞ்சு கக்குவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வந்த காலரா கட்டுரையைப் படித்தேன். உப்பு-சர்க்கரைக் கரைசலைப் பற்றி விளக்கமாக எழுதியிருந்தது நன்று. ஆனால் ‘காலரா கிருமி எந்நேரமும் நஞ்சைக் கக்கிக்கொண்டே இருக்கும்’ என்ற வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. 34 ஆண்டுகள் லேப் டெக்னீசியனாக இந்தக் கிருமியோடு மல்லுக்கட்டியவள் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

1992 கடைசியில், அப்போதைய மெட்ராஸில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கஞ்சித் தண்ணீர் போலப் போகும் பேதியோடு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குழந்தைகளைவிடப் பெரியவர்கள் அதிகம் வந்ததுதான் எங்களுக்கு ஆச்சரியம். மல மாதிரியைப் பெப்டோன் தண்ணீர் என்ற வளர்ப்புத் திரவத்தில் ஊறவைத்து, காலரா கிருமியைத் தனியாக வளர்க்கிற டிசிபிஎஸ் பிளேட்டில் கீறி வைப்போம். மறுநாள் காலை பச்சைப் பிளேட்டில் மஞ்சள் மஞ்சளாகக் காலனிகள். மைக்ராஸ்கோப்பில் விளக்கைச் சுற்றும் ஈசல் மாதிரிப் பாய்ச்சல். காலராதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஸ்லைடில், வழக்கமான காலரா வகையான ஓ1-ஐ அடையாளம் காட்டும் ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டால் நொடியில் திரிதிரியாகத் திரிய வேண்டியது, அப்படியே பால் மாதிரி நின்றது. “சீரம் கெட்டுப்போச்சு, புது பாட்டில் எடும்மா” என்றார் சீனியர். புது பாட்டிலிலும் திரியவில்லை.

சீரத்தில் கோளாறில்லை, கிருமிதான் சட்டையை, அதாவது ஆன்டிசீரம் அடையாளம் காணும் மேலுறையை, மாற்றியிருந்தது. அதுவரை தெரிந்த 138 வகையில் எதிலும் சேராததால் பின்னால் ஓ139 என்று பெயர் வைத்தார்கள். வங்கக் கடலோரம் கிடைத்ததால் ‘பெங்கால்’ என்ற பெயரும் சேர்ந்தது. (முதலில் தென்பட்டது மெட்ராஸில்!) பழைய சட்டைக்குப் பழகிய உடம்புகளை இது ஏமாற்றியதால்தான் பெரியவர்களும் விழுந்தார்கள். மேல் சட்டை மாறியதே தவிர, உள்ளே நஞ்சைத் திறக்கிற, மூடுகிற சுவிட்சுகள் பழையவைதான்.

நஞ்சு தனியாகவே வேலை செய்யும் என்பதை 1959-லேயே கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற ஆராய்ச்சியாளர் காட்டிவிட்டார். கிருமியை வடிகட்டி நீக்கிய வெறும் திரவமே முயலின் குடலில் நீரைத் தேக்கியது. அந்த நஞ்சை எப்போது செய்வது என்று கிருமி எப்படித் தீர்மானிக்கிறது? 1980-களில் டாக்ஸ்ஆர் என்ற புரதம் பிடிபட்டது. கிருமியின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு நோட்டம் பார்க்கிற காவலாளி அது. அதுவும் டிசிபிபி என்ற கூட்டாளியும் சேர்ந்து டாக்ஸ்டி என்ற இன்னொரு புரதத்தை எழுப்புகின்றன. நஞ்சு மரபணுக்களையும், குடலில் பற்றிக்கொள்ள உதவும் இழைகளின் மரபணுக்களையும் டாக்ஸ்டி ஒருசேர முடுக்கிவிடுகிறது.

குளத்து நீரில் கிடக்கும்போது இந்த வேலையெல்லாம் அதற்கு வீண் செலவு. சிறுகுடலுக்குள் வந்த பின்னும் உடனே தொடங்குவதில்லை. பித்தத்தில் உள்ள கொழுப்பு அமிலங்கள் டாக்ஸ்டியின் வாயை அடைத்து வைக்கின்றன. குடல் சுவரை நெருங்கினால் பைகார்பனேட் கூடுதலாகக் கிடைக்கும். அது டாக்ஸ்டியைத் தூண்டிவிடும். சரியான இடம் வந்ததா என்று கேட்டுக்கேட்டு நடக்கிற ஆள் மாதிரி. நாங்களும் லேபில் நஞ்சு வேண்டுமென்றால் சூட்டையும் அமிலத்தன்மையையும் பார்த்துப் பார்த்துத்தான் வளர்க்க வேண்டும். காலரா கிருமியிலேயே எல் டோர் என்றொரு ரகம் இன்னும் வீம்பு. முதலில் அசையாமல் வைக்க வேண்டும், பிறகு குலுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். பெருகப் பெருக ஒவ்வொரு கிருமியும் வெளியே விடும் ஒரு ரசாயனச் சமிக்ஞையும் சேர்ந்துகொண்டே போகும். கூட்டம் நிறைந்துவிட்டது என்று தெரிந்ததும் ஹாப்ஆர் என்ற புரதம் எழுந்து, பற்று இழையையும் நஞ்சையும் நிறுத்தி, சுவரிலிருந்து பிரிய உதவும் ஒரு நொதியையும் சுரக்கச் செய்கிறது. சூடோமோனாஸ் போன்ற வேறு கிருமிகள் கூட்டம் சேர்ந்த பிறகுதான் கை ஓங்கும். இது கூட்டம் சேர்ந்ததும் மூட்டை கட்டுகிறது. (சில ரகங்களில் இந்த எண்ணிக்கை உணர்வு பழுதாகிக் கிடப்பதும் உண்டு.)

மூட்டை கட்டுகிற கிருமி சோர்ந்து போவதில்லை என்பதுதான் இதில் வில்லங்கம். டாக்கா நோயாளிகளின் மலத்தில் இருந்த கிருமியை எலிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. லேபில் வளர்த்த கிருமியைவிட இதில் மிகக் குறைந்த எண்ணிக்கையே குடலைப் பிடிக்கப் போதுமாக இருந்தது. தண்ணீரில் விழுந்த பிறகும் சில மணி நேரம் அந்த வீரியம் நிற்கிறது.

1992-இல் எங்கள் தெரு அடிபம்பில் எதிர்வீட்டார் நோயாளியின் போர்வையை அலசிக்கொண்டிருந்தார்கள். பத்தடி தள்ளி எங்கள் அம்மா குடத்தோடு வரிசையில் நின்றிருந்தார். நல்லவேளை, அன்று சாயங்காலம் போய்ப் பேசி அதை நிறுத்த முடிந்தது. ஏன் என்று கேட்டவர்களிடம் “கிருமி இருக்கு” என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனவே அந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். அதோடு பேதி வாளியில் அந்த நிமிடமே பிளீச்சிங் பவுடர் போடும்படியும், காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று மூலையில் வைக்க வேண்டாம் என்றும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன்,
பெரம்பூர், சென்னை.