ஈரத்தில் வாடிய மஞ்சள்: கொங்கு மண்டல உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நொய்யல் கரையோரத்தில் தோட்டம் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். சென்ற வாரம் என் மகள் தேர்வுக்காகச் சவ்வூடு பரவலை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு" என்று ஒப்பித்தவளிடம், எதனுடைய செறிவு என்று கேட்டேன். உப்பினுடையது என்றாள். நீரைக் கருதிச் சொன்னால் சரியாக இருக்கும் வரையறை, உப்பைக் கருதியவுடன் தலைகீழாகிவிடுகிறது. உப்போ சர்க்கரையோ குறைவாகக் கரைந்திருக்கும் பக்கத்திலிருந்து கூடுதலாகக் கரைந்திருக்கும் பக்கத்துக்கு, கரைபொருளை எளிதில் விடாத சவ்வின் வழியே நீர் செல்கிறது என்று சொல்லிக் கொடுத்தால் இந்தக் குழப்பத்துக்கு இடமிராது.

ஒரு மதிப்பெண் போனது மட்டுமே என் கவலையாக இருந்தால் இம்மடலை எழுதியிருக்க மாட்டேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, ஓர் ஆவணி மாதத்து நண்பகலில், மடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கையிலேயே எங்கள் மஞ்சள் வயலின் இலைகள் குழல்போலச் சுருண்டு கிடந்ததைப் பார்த்தேன். பாத்தியில் கால் புதையும் அளவுக்கு ஈரம் இருந்தது. காய்ந்த வரப்போரங்களில் மட்டும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீர் போதவில்லை என்று எண்ணிய என் தந்தையார், அதே கிணற்றின் உப்புக் கரிக்கும் சப்பைத் தண்ணீரை இன்னும் அடிக்கடி பாய்ச்சினார். இலை ஓரங்கள் தீய்ந்தபோது பயிருக்குச் சத்துக் குறைவு என்று யூரியாவும் இட்டார். இரண்டுமே மண்ணில் கரைபொருளைக் கூட்டின. கிணறு எவ்வாறு கெட்டது என்பது வேறொரு மடலுக்குரிய பொருள். தந்தையாருக்குத் தெரியாமல் போன அந்த ஒரு செய்தியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

வேர்த்தூவியின் செல்சாறு மண்ணிலுள்ள நீரைவிடச் செறிவாக இருக்கும்வரைதான் நீர் உள்ளே வரும். உள்ளே வந்த நீர் சவ்வைச் செல்சுவரோடு நெருக்குகிறது, சுவர் திருப்பி அழுத்துகிறது, அந்த விறைப்பில்தான் இலை நிமிர்ந்து நிற்கிறது. பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பின்னும், வடிகால் இல்லாத வயலில், மண்ணிலுள்ள நீர் கிணற்று நீரைவிடப் பன்மடங்கு உப்பேறிப் போகிறது. நீரில் நிறைவுறக் குழைத்த மண்ணிலிருந்து வடித்த சாற்றில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம். மண்ணிலுள்ள கரைசலில் இந்த அளவு ஒவ்வொரு டெசிசைமன்ஸ் கூடும்போதும், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கூடுதலாக எதிர்த்து வேர் நீரை எடுக்க வேண்டியிருக்கிறது. பத்து டெசிசைமன்ஸ் என்றால் சுமார் மூன்றரை வளிமண்டல அழுத்தம். வேரைச் சுற்றி நீர் நிற்கும், செடியோ தாகத்தில் வாடும்.

சவ்விலுள்ள அக்குவாபோரின் என்னும் புரத வாயில்களைப் பற்றி மேல்வகுப்பில் சொல்கிறீர்கள். அவற்றைக் கண்டறிந்த பீட்டர் அக்ரிக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாயிலின் வழியே நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் கடக்க முடியும். ஆயினும் நீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை வாயில் முடிவு செய்வதில்லை. இருபுறமும் எப்போதும் போய்வந்துகொண்டிருக்கும் நீரில் எந்தப் பக்கம் மிகுதி என்பதைச் செறிவும் அழுத்தமுமே முடிவு செய்கின்றன. இதை மாணவர்கள் உணர்ந்தால், உப்பு மிகுந்த பக்கத்திலிருந்து நீரைச் சவ்வின் வழியே வெளியே தள்ள, வீட்டு ஆர்.ஓ. இயந்திரமும் திருப்பூர்ச் சாய ஆலைகளின் சுத்திகரிப்பு நிலையங்களும் ஏன் மோட்டார் வைத்து அழுத்துகின்றன என்பது தானே விளங்கும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும் உருளைக்கிழங்கு நம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. ஒரே அளவாக நறுக்கிய துண்டுகளை மழைநீரிலும், மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும், கெட்டியான உப்புக் கரைசலிலும் போட்டு வையுங்கள். உப்புக் கரைசலில் இட்ட துண்டு ஒரு மணி நேரத்தில் ரப்பர்போல வளையும். சப்பைத் தண்ணீரில் இட்டது பெரும்பாலும் விறைக்கவே செய்யும், ஏனெனில் கிழங்கின் சாறு அதைவிடச் செறிவானது. அதைக் கண்டு, இந்தத் தண்ணீரால் கெடுதல் இல்லை என்று பிள்ளைகள் முடிவுகட்டக்கூடும். என் தந்தையார் நம்பியதும் அதைத்தான். அங்கே நிறுத்திவிடாமல், அதே நீரை அகன்ற தட்டில் ஊற்றி, பத்திலொரு பங்காகச் சுண்டும்வரை வெயிலில் வைத்து, அதில் இன்னொரு துண்டைப் போடுங்கள். நீர் போதிய உப்புடையதாயின் இந்தத் துண்டு தளரும். வயலில் நடப்பது இந்த இரண்டாவது தட்டில் நடப்பதுதான்.

மாங்காயில் உப்பைப் பிசிறி ஜாடியில் வைத்த மறுநாளே அம்மாயி அதில் ஊறியிருந்த நீரைக் காட்டுவார். அது மாங்காய்க்குள் இருந்த நீர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மஞ்சள் வேருக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்ல மட்டும் யாரும் இல்லை.

தங்கள் பள்ளியில் இதைச் செய்ய முன்வந்தால், எங்கள் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரும், வரப்போரத்தில் சுரண்டிய அந்த வெள்ளை உப்பில் ஒரு பொட்டலமும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
நொய்யல் கரை விவசாயி ஒருவன்