பரிணாமம் போதும், வளர்ச்சி வேண்டாம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத் தமிழ் வழிப் பள்ளிகளில் உயிரியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி போன வாரம் கேட்டாள்: "தாத்தா, மனுசன் குரங்குல இருந்து வளர்ந்து வந்தான்னா, நெல்லியாம்பதியில இருக்கற சிங்கவால் குரங்கு மட்டும் ஏன் இன்னும் வளரல?"

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நாம் பழக்கத்தில் சொல்லிவரும் ‘பரிணாம வளர்ச்சி’தான் அவளை அந்தக் கேள்வியில் கொண்டுபோய் விட்டது. வளர்ச்சி என்றதும் தாழ்ந்தது உயர்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பரிணாமம் என்ற வடசொல்லுக்கோ மாறுதல் என்றுதான் பொருள். பால் தயிராவதைச் சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபினர் அதற்கு உதாரணம் காட்டினார்கள். பாலைவிடத் தயிர் உசத்தி என்று யார் சொல்வார்கள்? பக்கத்து மலையாள வகுப்பில் பரிணாமம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இலங்கைத் தமிழர் பாடநூல்களில் ‘கூர்ப்பு’ என்கிறார்கள். அழகான சொல், ஆனால் உள்ளது சிறத்தல் என்று தொல்காப்பியம் அதற்குப் பொருள் சொல்வதால் அங்கும் உயர்வின் சாயல் வந்துவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லும் இப்படிச் சிக்கியதுதான். ‘எவலூஷன்’ லத்தீனில் சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பது. கருவுக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கும் உடல்தான் விரிந்து பெரிதாகிறது என்று நம்பிய 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அதைக் கையாண்டார்கள். முன்பே எழுதி வைத்தது விரிகிறது என்ற வாசனை அதில் ஒட்டியிருந்தது. 1859இல் டார்வின் தம் நூலில் ‘மாற்றங்களோடு வழிவழி வருதல்’ என்றே எழுதினார். எவலூஷன் என்ற பெயர்ச்சொல் அந்த முதல் பதிப்பில் இல்லை. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் முன்னேற்றம் என்ற பொருள் தொனிக்கப் பரப்பிய அந்தச் சொல்லை, 1871இல் மனிதனின் வழிமரபு பற்றி எழுதியபோது டார்வினும் எடுத்துக்கொண்டார்.

வழிவழி வருதல் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். சிங்கவால் குரங்கு நமக்குப் பாட்டன் இல்லை, தூரத்துப் பங்காளி. சுமார் 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். அதுவும் நம்மைப்போல இத்தனை காலம் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

அதனால் கேட்கிறேன். கரும்பலகையில் ‘மனிதப் பரிணாமம்’ என்று மட்டும் எழுதுங்கள். குனிந்த குரங்கு படிப்படியாக நிமிரும் படத்தை விட்டுவிட்டு, கிளைவிட்ட மரம் ஒன்று வரையுங்கள். பேத்திக்கு இதெல்லாம் சொல்லிவிட்டேன். ‘வளர்ச்சி’ எழுதாவிட்டால் பரீட்சையில் மார்க் போய்விடுமோ என்று பயப்படுகிறாள். போகாது என்று வகுப்பில் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.