வீட்டிலிருக்கும் நாள்களுக்குப் பழைய படங்களும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடைமழைக்காலத்தில் வீட்டோடு முடங்கும் குடும்பங்களுக்காகத் தாங்கள் வெளியிடும் திரைப்படப் பரிந்துரைகளில், அண்மையில் ஓடிடி தளங்களுக்கு வந்தவை மட்டுமே இடம்பெறுவது, மூன்று தலைமுறையினர் ஒரே கூடத்தில் அமர்ந்து பார்க்கும் வீடுகளுக்குப் போதவில்லை.

1954-இல் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' ஒரு பாடல்கூட இல்லாதது. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் சாய, பிறகு ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் அவர் வேறொருவராகத் தெரிவதால், கைப்பேசியை எடுக்கும் பிள்ளைகளும் கொலையாளி யாரென்று ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லச் சொல்ல, நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாலையாவின் முகம் வெளிறிப்போகும் காட்சி ஒன்றே போதும். அதில் சிரிப்பை எழுப்புவது கதை சொல்பவரைவிடக் கேட்பவர்தான் என்பது என் கருத்து. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) மனத்தைக் கனக்கச் செய்வது. நோயிலிருந்து தேறுவோருக்கு அதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

பரிந்துரைகளுடன் படம் ஓடும் நேரத்தையும், எந்த வயதினருக்கு ஏற்றது என்பதையும் அச்சிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகி, கும்பகோணம்