சரோவுக்கு, ஏர் ஃபிரையர் விஷயமாக

மதுரை,
வியாழக்கிழமை

அன்புள்ள சரோ,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. "பையன் ஏர் ஃபிரையர் வாங்கித் தருகிறேன் என்கிறான், வாங்கலாமா, வேண்டாமா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தால் போதும், நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றரைப் பக்கம் மருமகள். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். எழுத்தில் வைத்தால் யார் கண்ணிலாவது பட்டுத் தொலைக்கும்.

முதலில் என் சேதி. முட்டி வலி அப்படியே இருக்கிறது. பிசியோதெரபிக்காரப் பெண் தினமும் வந்து காலை மடக்கி நீட்டுகிறாள். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்காதீர்கள் என்கிறாள். முப்பத்தொரு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளிடம் போய்ச் சொல்கிறாள் பார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. உன் வீட்டு அண்ணனுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு நீ வீட்டில் எண்ணெய்ச் சட்டியே ஏற்றுவதில்லை என்று படித்ததும் பாவமாக இருந்தது. ஹாஸ்டலில் வாழைக்காய் பஜ்ஜிக்காக மெஸ் அக்காவிடம் நீ போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன தீபாவளிக்கு முந்திய தீபாவளிக்கு மகள் அனுப்பினாள். நாலு லிட்டர், 1,400 வாட். சமையல் மேடையில் யாரோ ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி உட்கார்ந்திருக்கும். பெயரில் 'ஃபிரையர்' என்று இருப்பதால்தான் இத்தனை குழப்பமும். உள்ளே பார்த்தால் மேலே ஒரு சூடேற்றும் கம்பிச்சுருள், அதன் தலைமாட்டில் ஒரு காற்றாடி, கீழே ஓட்டை போட்ட கூடை. அவ்வளவுதான். சின்ன அடுப்புக்குள் பலமாகக் காற்றடிக்கிறது. பிலிப்ஸ் கம்பெனி 2010இல் பெர்லின் கண்காட்சியில் இந்தப் பெயரில் கொண்டுவந்து காட்டியது. ஆனால் காற்றாடி வைத்த அடுப்பு பழைய சங்கதி. இரண்டாம் உலகப்போர் சமயத்திலேயே, ராணுவ விமானங்களில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்க வில்லியம் மேக்ஸன் என்ற அமெரிக்கர் ஒன்று செய்திருக்கிறார்.

நீ தமிழ் வாத்தியார், நான் பிசிக்ஸ் வாத்தியார். அதனால் ஒரு பாராவுக்குப் பொறுத்துக்கொள். 200 டிகிரி சூட்டில் இருக்கும் ஓவனுக்குள் கையை விட்டுச் சட்டென்று எடுத்தால் ஒன்றும் ஆகாது. இட்லிப் பானையைத் திறக்கும்போது வரும் ஆவி வெறும் 100 டிகிரிதான், ஆனால் கையைப் பொசுக்கிவிடும். 180 டிகிரி எண்ணெய் ஒரு சொட்டுத் தெறித்தால் கொப்புளம். காற்று சூட்டைக் கைமாற்றுவதில் மகா கஞ்சன், எண்ணெய் வள்ளல். சூடான காபியை ஊதினால் சீக்கிரம் ஆறுகிறது இல்லையா, அதே தர்க்கப்படி சூடான காற்றை ஊதினால் பண்டம் சீக்கிரம் சூடேறும். காற்றாடி செய்கிற வேலை அதுதான். அப்படி ஊதியும் எண்ணெயின் வேகம் வராது. இதை மனசில் வைத்துக்கொண்டால் அந்தப் பெட்டியில் எது வரும், எது வராது என்று நீயே சொல்லிவிடலாம்.

நான் அப்படி யோசிக்காமல் முதல் வாரமே உளுந்தவடை சுட்டேன். மாவு கூடை ஓட்டையில் ஒழுகும் என்று கெட்டிக்காரத்தனமாக ஒரு துண்டு வாழையிலை போட்டு, அதன்மேல் வடை தட்டி வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்து இழுத்துப் பார்த்தால் மேலே ரஸ்க், அடியில் இட்லி. நடுவில் வெடிப்பு வேறு, வைகை ஆறு கோடையில் கிடக்கிற மாதிரி. இலை போட்டதால் கீழே காற்றே போகவில்லை. அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேசாமல் தயிரில் போட்டுடு, யாருக்கும் தெரியாது" என்றார். போட்டேன். தயிர்வடையாக நன்றாகத்தான் இருந்தது. காரணம் இதுதான்: எண்ணெயில் விழுந்த வடைக்குச் சில நொடியில் மேல்தோல் இறுகிவிடுகிறது, உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி அதை உப்ப வைக்கிறது. காற்றில் தோல் இறுகவே பல நிமிடம் ஆகிறது. அதற்குள் மாவு சப்பென்று உலர்ந்துவிடும். பஜ்ஜி, போண்டா, பூரி, முறுக்கு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அப்பளத்தையும் போட்டுப் பார்க்காதே. எடையே இல்லாத பண்டம், காற்றில் எழும்பி மேலே கம்பிச்சுருளில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் வீடெல்லாம் கருகல் வாடை. அப்பளத்தைக் கேஸ் தணலில் சுட்டுக்கொள், அதற்கு மெஷின் வேண்டாம்.

இனி நல்லதைச் சொல்கிறேன். சேப்பங்கிழங்கு. இதற்காக மட்டுமே அந்தப் பெட்டிக்கு என் மேடையில் இடம் கொடுத்திருக்கிறேன். குக்கரில் ஒரு விசில், அதற்கு மேல் விட்டால் குழைந்துவிடும். தோலுரித்து ஆறவிட்டு, விரல் கனத்துக்கு வட்டமாக நறுக்கு. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுப் பிசிறி வை. 190 டிகிரி, பதினெட்டு நிமிடம். பத்தாவது நிமிடத்தில் கூடையை இழுத்து, முறத்தில் புடைக்கிற மாதிரி ஒரு குலுக்கு. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கக் கூடாது, அதுதான் முக்கியம். எடுக்கும்போது ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, நடுவில் வெண்ணெய் மாதிரி இருக்கும். வாணலியில் செய்தால் அந்தக் கொழகொழப்போடு நின்று மல்லுக்கட்ட வேண்டும், பாதி கிழங்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். இதில் அந்தத் தொல்லையே கிடையாது.

உருளை, வாழைக்காய், வெண்டைக்காய், பாகற்காய் எல்லாம் வரும். வேர்க்கடலை ஒரே சீராக வறுபடும். முழுக் கத்தரிக்காயில் எண்ணெய் தடவி, நாலு இடத்தில் குத்திவிட்டு (குத்தாவிட்டால் வெடிக்கும்) 200 டிகிரியில் அரை மணி வைத்தால் கொத்சுக்குத் தயார். ஆனால் தணலில் சுட்ட வாசம் வராது, அதை எதிர்பார்க்காதே. மீன் துண்டுக்கு மசாலா தடவி வைத்தால் பன்னிரண்டு நிமிடம்தான், தெறிக்காது, அடுப்படி பிசுபிசுக்காது. கடையில் வாங்கிய வடையும் பஃப்ஸும் ஆறிப்போனால் 160 டிகிரியில் நாலு நிமிடம், திரும்ப உயிர் வந்துவிடும். மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிவிடுமே, அதுபோல் இல்லை.

இப்போது அண்ணனுக்காக நீ கேட்ட எண்ணெய் சமாச்சாரம். பெட்டியின் மேல் "எண்பது சதவீதம் எண்ணெய் மிச்சம்" என்கிற மாதிரி பெரிசாகப் போட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம். அதனால் சமையலறைத் தராசை எடுத்து வைத்து அளந்தேன். 300 கிராம் உருளைக்கிழங்கு வறுக்கும் முன்னும் பின்னும் வாணலியை எண்ணெயோடு நிறுத்ததில் குறைந்தது 28 கிராம். அதே கிழங்கைப் பெட்டியில் வைத்தபோது நான் விட்டது இரண்டு டீஸ்பூன், 9 கிராம். ஆக ஒரு தடவைக்கு 19 கிராம் மிச்சம். வாரம் இரண்டு முறை வறுத்தால் மாதத்துக்கு நூற்றைம்பது கிராம் என்று வைத்துக்கொள்ளேன். எங்கள் இரண்டு பேருக்கு மாதம் இரண்டு லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம், ஏறக்குறைய 1,800 கிராம். மிச்சமானது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

அப்புறம் மீதி எண்ணெய் எங்கே போகிறது என்று பார்த்தேன். ராத்திரி இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு தோசை, தோசைக்கு ஒரு டீஸ்பூன் என்றால் 27 கிராம். கிழங்கு வறுத்தால் ஆகும் எண்ணெய் ஒரு ராத்திரித் தோசையிலேயே இறங்கிவிடுகிறது. சாம்பார் தாளிக்க, ரசம் தாளிக்க, பொரியல் தாளிக்க, துவையலுக்கு வதக்க, இட்லிப்பொடிக்குக் குழைக்க என்று நாள் முழுக்கக் கரண்டி கரண்டியாகப் போகிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாள் தட்டு என்று போட்டிருக்கும் கணக்கில் ஒருவருக்கு எண்ணெய், கொழுப்பு சேர்த்து 27 கிராம்தான். நம் வீடுகளில் அந்தக் கணக்கு இடிப்பது தோசைக்கல்லிலும் தாளிக்கிற கரண்டியிலும்தான். வாணலி வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வருகிற விருந்தாளி, பழி மட்டும் முழுசாக அதன் தலையில். நான் இப்போது பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்க்கிறேன், நம் அம்மாக்கள் செய்த மாதிரி. பெட்டி மிச்சம் பிடித்ததைவிட அந்த வெங்காயம் மிச்சம் பிடித்தது அதிகம்.

ஒரு விஷயத்தில் பெட்டிக்கு நியாயம் செய்ய வேண்டும். பொரித்து மிஞ்சிய எண்ணெய் என்று ஒரு கிண்ணம் நம் எல்லார் வீட்டிலும் மேடை ஓரத்தில் மூடியிருக்குமே, கொட்ட மனசு வராமல் மறுபடி மறுபடி காய்ச்சுவோமே, அது என் வீட்டில் இப்போது இல்லை. அண்ணனுக்கு அது நல்லதுதான். அதற்காக எண்ணெய் இல்லாத வறுவல் என்றால் கரிய விடலாம் என்று நினைத்துவிடாதே. கிழங்கு, மாவுப் பண்டங்கள் அதிகச் சூட்டில் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது, 2002இல் ஸ்வீடனில் கண்டு சொன்னார்கள். எண்ணெயானாலும் காற்றானாலும் அது வரும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடு.

கரண்டைப் பற்றிப் பயப்படாதே. 1,400 வாட் இருபது நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் கீழே. தினமும் வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 28 யூனிட் தாண்டாது, உங்கள் இலவச யூனிட் என்னவாகிறது என்பது உன் ஏசியைப் பொறுத்தது. பிளக் பாயின்ட்தான் தலைவலி. மிக்சி செருகும் சின்ன பாயின்ட் 6 ஆம்பியர், இது 6 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பிசிக்ஸ் வாத்தியாரே சோம்பேறித்தனமாக எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினேன், பிளாஸ்டிக் உருகி நூல் விட்டது. அவர் இன்னும் அந்த போர்டைத் தூக்கிப் போடவில்லை, விருந்தாளிகளுக்குக் காட்ட வைத்திருக்கிறார். உன் புது ஃபிளாட்டில் சமையல் மேடையருகே 16 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா என்று பார்.

பாத்திரம் தேய்க்க வரும் அக்காவிடம் கூடையைக் கொடுக்காதே. என்னுடையதில் கம்பி நார் போட்டுத் தேய்த்து ஒரு மூலையில் பூச்சு போய்விட்டது. அவள்மேல் தப்பில்லை, அதுவரை அவள் தேய்த்ததெல்லாம் எவர்சில்வர். வெந்நீரில் ஊறவைத்து ஸ்பாஞ்சால் துடைத்தால் வந்துவிடும். அப்புறம் நாலு லிட்டர், நாலு பேருக்குப் போதும் என்பார்கள். பரப்பி வைத்தால் இரண்டு பேருக்குத்தான் சரியாக வரும். பிள்ளைகள் வந்தால் இரண்டு தடவை வைக்க வேண்டும், முதல் தட்டு காலியாகிவிடும், இரண்டாவதுக்குக் காத்திருந்து சண்டை போடுவார்கள்.

அப்படியும் நான் ஏன் வைத்திருக்கிறேன் என்றால், நிற்க வேண்டாம், சரோ. கிழங்கை உள்ளே தள்ளிவிட்டுக் கூடத்தில் வந்து காலை நீட்டி உட்கார்கிறேன். மணி அடித்ததும் போய் எடுக்கிறேன். எண்ணெய்க்காக என்றால் நான் உனக்குச் சொல்ல மாட்டேன், என் முட்டிக்காக என்றால் மகள் கொடுத்த 6,500 ரூபாய்க்கு வட்டியோடு வந்துவிட்டது. உனக்கு இடுப்பு வலி என்று எழுதியிருக்கிறாயே, அதனால்தான் இத்தனை நீட்டி எழுதுகிறேன்.

ஆனால் உன் பையனுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு காரியம் செய். பேத்தி பிறந்தநாளுக்கு கேக் செய்ய என்று ஒரு ஓடிஜி மின் அடுப்பு வாங்கினாயே, இரண்டு தடவை கேக் செய்துவிட்டுப் பரணில் ஏற்றியது, அதை இறக்கச் சொல். நீ ஏறாதே, வாட்ச்மேனைக் கூப்பிடு. அதன் திருகில் காற்றாடிப் படம் இருக்கிறதா பார். இருந்தால் உன்னிடம் ஏற்கெனவே ஏர் ஃபிரையர் இருக்கிறது என்று அர்த்தம், கொஞ்சம் பெரிசு, கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான். கம்பி வலைத் தட்டில் சேப்பங்கிழங்கைப் பரப்பி ஒரு தடவை வைத்துப் பார். பையனிடம் அந்தக் காசுக்கு நல்ல இரும்புத் தோசைக்கல் ஒன்றும், மதுரைக்கு இரண்டு ரயில் டிக்கெட்டும் கேள்.

படம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போடு. மருமகள் விஷயம் கடிதத்திலேயே வரட்டும்.

அன்புடன்,
உன் வசந்தா