விடைபெற நேரமில்லாத கப்பல்: நாவல் எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கைப்பிரதியை இரண்டே இரவில் படித்து முடித்தேன். 'எங்கே வைத்து வேண்டுமானாலும் திட்டுங்கள், அண்ணா' என்று சொன்னவன் நீதான். அந்தத் துணிச்சலில்தான் நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன்.

முதலில் பாராட்டு. கப்பல் மூழ்கியது என்றாலே டைட்டானிக்கைத் தாண்டிப் போகாத நமக்கு 'எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து' என்ற பெயரே புதிது. 1914 மே 29, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆறு, 1,477 பேரில் 1,012 பேர் சாவு. இரண்டு மாதம் கழித்து உலகப்போர் மூண்டது. அந்தப் பிணக்கணக்கில் இந்தக் கணக்கு கரைந்துபோனது. அதைத் தேடி எடுத்து, லண்டன் மாநாட்டுக்குப் புறப்பட்ட இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பு) குடும்பம் ஒன்றை நடுவில் வைத்திருக்கிறாய். நல்ல தேர்வு. அந்தச் சேனையின் கனடா வாத்தியக் குழுவே அந்தக் கப்பலில்தான் போனது.

இனித் திட்டு. பன்னிரண்டாம் அத்தியாயம். கப்பல் சாய்ந்துகொண்டிருக்கிறது, உன் கதாநாயகன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கம் பேசுகிறான். அந்தப் பேச்சை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், ஐந்து நிமிடம் ஆனது. கப்பலே மூழ்கியது 14 நிமிடத்தில். விளக்குகள் அதற்கு வெகு முன்பே அணைந்துவிட்டன. உன் கதாநாயகன் இருட்டில், சுவர் தரையாகிவிட்ட நடைவழியில், யாரைப் பார்த்துப் பேசினான்?

இது நீ அறியாமல் டைட்டானிக்கிலிருந்து கடன் வாங்கிய காட்சி. அங்கே இரண்டு மணி நாற்பது நிமிடம் இருந்தது. விடைபெறலாம், மனைவியைப் படகில் ஏற்றலாம், வாத்தியம் வாசிக்கலாம். இங்கே படகுகளுக்குக் குறைவில்லை. டைட்டானிக் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆனால் 'ஸ்டோர்ஸ்டாட்' என்ற நார்வே நிலக்கரிக் கப்பல் வலப்பக்கம் மோதிக் கிழித்தவுடன் கப்பல் அந்தப் பக்கமே சரிந்துவிட்டது. இடப்பக்கப் படகுகளை இறக்க வழியில்லை. அடித்தட்டுகளில் வட்டச் சாளரங்கள் பல திறந்தே இருந்தன. சாயச்சாய அவற்றின் வழியாகவும் தண்ணீர் உள்ளே வந்தது. நீர்புகாக் கதவுகளை ஆட்கள் ஒவ்வொன்றாகக் கையால் மூட வேண்டும், அதற்கும் அவகாசமில்லை.

எனக்கு அதிகம் உறுத்தியது இன்னொன்று. உன் நாவலில் இரண்டு பிள்ளைகளும் பிழைத்துவிடுகிறார்கள். அந்தக் கப்பலில் 138 குழந்தைகள் இருந்தார்கள், தம்பி. பிழைத்தவர்கள் நான்கு பேர். அந்த நான்கில் இரண்டை உன் கதைக்காக எடுத்துக்கொண்டாய். எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. கற்பனைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் எடுத்தது தெரிந்து எடுத்தாயா? நிஜத்தில் பிழைத்த ஒரு சிறுமிக்கு ஏழு வயது. அப்பா அந்த வாத்தியக் குழுவின் தலைவர். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அவள் 1995 வரை வாழ்ந்தாள், பிழைத்தவர்களில் கடைசி ஆளாக. அவளுக்கு ஒரு வரியாவது உன் நாவலில் ஈடு கட்ட வேண்டாமா?

விபத்துக்குள்ளேயே கதையைத் தேடாதே. அதற்கு முந்தைய பத்து மணி நேரத்தைப் பார். கப்பல் கியூபெக்கிலிருந்து கிளம்பியது 28ஆம் தேதி மாலை. பயணிகள் எல்லோருக்கும் அதுதான் அந்தப் பயணத்தின் முதல் இரவு. எந்தப் படிக்கட்டு எங்கே ஏறுகிறது என்று பழகக்கூட இல்லை. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அறைக்குத் திரும்பும்போது அந்தத் தாய் ஒரு தடவை வழி தவறட்டும், சிரித்துக்கொண்டே திரும்பி வரட்டும். நீ வேறெதுவும் எழுத வேண்டாம். அதிகாலை இரண்டு மணிக்கு வாசகனே அந்தப் படிக்கட்டைத் தேடி ஓடுவான்.

வில்லன் வேண்டும் என்று நார்வே கப்பல்காரரைக் குடிகாரராக்கியிருக்கிறாய். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போடு. மூடுபனி இறங்குமுன் இரு கப்பல்களும் ஒன்றையொன்று பார்த்திருந்தன. பனிக்குள் யார் திசை மாற்றியது என்பதில் இரு தரப்பும் நேரெதிராகச் சாட்சி சொன்னார்கள். டைட்டானிக்கை விசாரித்த அதே மெர்சி பிரபுவின் ஆணையம் நார்வே கப்பலைக் குற்றஞ்சாட்டியது. நார்வேயில் நடந்த விசாரணை அதை விடுவித்தது. மோதிய கப்பலே படகுகளை இறக்கி நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கியது. அதன் கேப்டனின் மனைவியும் கப்பலில் இருந்தார். குளிரில் நடுங்கி வந்தவர்களுக்குத் தன் உடைகளை எடுத்துக்கொடுத்தார். இவரை விட்டுவிட்டு உனக்குக் குடிகாரர் எதற்கு?

(கப்பல் பூனை கிளம்புமுன் இறங்கி ஓடிவிட்டது என்று ஒரு கதை சுற்றுகிறது. நீயும் அதை முதல் அத்தியாயத்தில் வைத்திருக்கிறாய். எல்லா மூழ்கிய கப்பலிலும் இப்படி ஒரு பூனை இருக்கிறது.)

ஒன்றை மட்டும் தொடாதே. கப்பல் பக்கவாட்டில் படுத்தபின், நூற்றுக்கணக்கானோர் அதன் வெளிச்சுவரில் ஏறி நின்றுகொண்டு, தரைதட்டிவிட்டது, பிழைத்தோம் என்று ஓரிரு நிமிடம் நம்புகிறார்களே, அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். அங்கே யாரும் பேசவில்லை. அதனால்தான் நன்றாக வந்திருக்கிறது.

திருத்தி எழுத உட்காருமுன் ஒரு கேள்விக்குப் பதில் எழுது. அந்தக் குடும்பத்தின் அறை எந்தத் தட்டில்? வலப்பக்கமா, இடப்பக்கமா? முந்நூறு பக்கம் தேடினேன், எங்கேயும் இல்லை.

அன்புடன்,
அண்ணன்