அந்த வுல்வொர்த்ஸ் பை விஷயமாக: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விஷயம் நாங்கள் சொல்வதற்கு முன்பே உங்களில் பலருக்கு வந்து சேர்ந்திருக்கும். போன வாரம் எங்களைக் கேலி செய்து வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்தப் படத்தை எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். ஒருவர் என் மைத்துனர். "இது உங்க கடைதானே?" என்று வேறு கேட்டார். ஆமாம், மூடிப்போன கடைகளின் பழைய பைகளையும் அட்டைகளையும் நினைவுப் பொருளாக விற்கிற எங்கள் கடைதான்.

நடந்தது இதுதான். பலசரக்கும் விற்ற, மூடிப்போன பிரிட்டன் சங்கிலிக் கடையான வுல்வொர்த்ஸின் பைகள் என்று சொல்லி ஒரு கட்டுப் பைகளை விற்றோம். வாங்கியவர்களில் ஒருவர் பையை விரித்து, அடிமடிப்பில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சாகியிருந்த வரியைப் படித்திருக்கிறார். அதில் ஆஸ்திரேலியா என்று இருந்தது. ஆஸ்திரேலிய வுல்வொர்த்ஸ் மூடப்படவே இல்லை. அங்கே இன்றைக்கும் ஜனங்கள் அதே பெயர்ப் பலகைக்குக் கீழேதான் வண்டி தள்ளிக்கொண்டு போகிறார்கள். உயிரோடு இருக்கிற கடையின் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி ஏற்றிவிட்டோம் என்று கேலி செய்திருந்தார்கள். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் "தெரிந்தே ஏமாற்றுகிறார்கள்" என்று கடைசியில் ஒரு வரி இருந்ததே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தெரிந்து செய்யவில்லை. இந்தப் பெயர்க் குழப்பம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபிராங்க் வுல்வொர்த் என்ற அமெரிக்கர் 1879இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் திறந்த கடைதான் மூலம். 1909இல் அது கடல் தாண்டி லிவர்பூலுக்கு வந்தது. 1924இல் சிட்னியில் வேறு சிலர் கடை போட்டபோது, அந்தப் பெயர் அங்கே பதிவாகவில்லை என்று பார்த்துத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கக் கம்பெனிக்கும் அவர்களுக்கும் எந்த உறவும் கிடையாது. 1931இல் கேப்டவுனில் ஆரம்பித்ததும் அப்படித்தான். ஜெர்மனியில் இருப்பது மட்டும் மூலக் கம்பெனியின் வாரிசு, கை மாறிக் கை மாறி இன்னும் ஓடுகிறது. அமெரிக்காவில் 1997இல் கடைகளை மூடினார்கள். பிரிட்டனில் 800க்கும் மேற்பட்ட கிளைகளில் கடைசியாக மிஞ்சியவை 2009 ஜனவரி 6ஆம் தேதி கதவடைத்தன. ஆக, அசல் இரண்டு நாட்டில் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டவை நன்றாக இருக்கின்றன.

இத்தனையும் எனக்குத் தெரியும். நம் சரக்குப் பட்டியலில் இருக்கும் வுல்வொர்த்ஸ் குறிப்பை எழுதியதே நான்தான். அதனால்தான் கூடுதல் வெட்கம். ஒரு தரகர் அனுப்பிய பெட்டியில் பல நாட்டுப் பைகள் கலந்து வந்திருந்தன. சரக்கைப் பிரித்துச் சரிபார்க்கும் தம்பி நல்ல சம்பளத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார் (அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் போயிருப்பேன்). இரவு பதினோரு மணிக்கு நானே கட்டினேன். முகப்பில் பெயரைப் பார்த்தேன், பையைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

இதே சாக்கில் இன்னொருவர், "வேலை போனவர்களின் கண்ணீரை விற்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். பொம்மைக் கடையான டாய்ஸ் ஆர் அஸ் அமெரிக்காவில் 2018 ஜூனில் மூடியபோது சுமார் 33,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். 2005இல் அந்தக் கம்பெனியைக் கடன் பணத்தில் விலைக்கு வாங்கிய முதலீட்டாளர்கள், அந்தக் கடனைக் கடையின் தலையிலேயே கட்டியிருந்தார்கள். இணையக் கடைகளின் போட்டியும் சேர்ந்துகொண்டது. இதில் பழைய காகிதம் பொறுக்குகிற எங்கள் பங்கு என்ன? ஊழியர் பெயர் உள்ள பேட்ஜ் எதையும் நாங்கள் விற்பதில்லை. வந்தால் தனி டப்பாவில் போட்டு வைக்கிறோம். சொந்தக்காரர் கேட்டால் இலவசமாக அனுப்புகிறோம், இதுவரை இரண்டு போயிருக்கின்றன.

பழைய கடை என்றாலே இனிப்பான நினைவு என்றும் நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை. அமெரிக்க வுல்வொர்த்தின் உணவு கவுன்டர் மெனு அட்டை ஒன்றை விற்றபோது, 1960 பிப்ரவரி 1ஆம் தேதி வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோவில் அப்படி ஒரு கவுன்டரில் உட்கார்ந்த நான்கு கறுப்பின மாணவர்களுக்குப் பரிமாற மறுத்ததையும் குறிப்பில் சேர்த்தே அனுப்பினோம். ஒருவர் "வியாபாரத்துக்கு இது தேவையா?" என்று கேட்டார். தேவைதான் என்று நினைக்கிறேன்.

உங்களில் பெரும்பாலோர் இந்த வாரம் எழுதிய கடிதங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வீடியோ படங்களை வாடகைக்கு விட்ட பிளாக்பஸ்டர் கடையின் அட்டையை வாங்கிய ஒருவர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த நீலமும் மஞ்சளுமான கடைக்குள் அப்பாவும் தானும் படம் தேர்ந்தெடுக்க முடியாமல் ஒரு மணி நேரம் சண்டை போட்டதை எழுதியிருந்தார். தாமதக் கட்டணத்தை அம்மாவிடம் மறைத்ததையும்தான். ஓரிகன் மாநிலம் பெண்ட் நகரில் மிஞ்சியிருக்கிற கடைசி பிளாக்பஸ்டரை ஒருநாள் பார்த்துவிட வேண்டுமாம். இன்னொரு அம்மா, பிரிட்டன் வுல்வொர்த்ஸில் மிட்டாய்களைக் கலந்து அள்ளிக்கொள்ளும் பிக் அண்ட் மிக்ஸ் பகுதியில், எடை கூடிவிடுமோ என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டதை எழுதியிருக்கிறார். அந்தக் கடைகளின் கடைசிப் பிக் அண்ட் மிக்ஸ் பை 2009இல் தர்ம காரியத்துக்காக ஏலத்தில் 14,500 பவுண்டுக்குப் போனது. எங்கள் கல்லாப்பெட்டி அந்த மாதிரி ஒரு தொகையைக் கனவில்கூடப் பார்த்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சரி, ஆஸ்திரேலியப் பை வந்தவர்கள் எழுதுங்கள். பணம் முழுதாகத் திரும்பிவிடும், பையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அடுத்த மாதத்திலிருந்து தபால் செலவு உங்களுடையது, திருப்பி அனுப்பும் அவகாசமும் முப்பது நாளிலிருந்து ஏழு நாளாகிறது.

அப்புறம், இசைத்தட்டுக் கடையான டவர் ரெக்கார்ட்ஸின் மஞ்சள் பைகள் ஒரு கட்டு வந்திருக்கிறது. அமெரிக்காவில் அந்தக் கடைகள் 2006 கடைசியில் மூடிவிட்டன, ஜப்பானில் இன்றும் நடக்கின்றன. இந்த முறை ஒவ்வொரு பையையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்தாயிற்று. ஜப்பான் பை ஆறு, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
கடைக்காரர்